சாலம்மாளின் குழவி

பென்னாகரத்திலிருந்து வரும் முதல் பஸ் மலைப்பாதையின் கடைசி வளைவில் ஹாரன் அடித்தால், ஒகேனக்கல்லில் வேறு யார் காதில் விழுகிறதோ இல்லையோ, சாலம்மாள் காதில் விழுந்துவிடும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரே ஓட்டம். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட யாரும் அப்படி ஓட மாட்டார்கள். "வாங்கம்மா, வாங்க சார்! மீனை மட்டும் வாங்கி எங்கையில குடுத்துட்டுப் போங்க! குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கொழம்பு ரெடி!" என்று அவள் போடும் சத்தத்தில் கண்டக்டர் விசில் ஊத மறந்துவிடுவார்.

அவள் மீன் விற்பவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். சாலம்மாள் மீன் சமைப்பவள். ஊர் பார்க்க வருகிறவர்கள் பரிசல் துறையில் மீனை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். திரும்பி வந்தால் இலையில் வறுவலும் சட்டியில் குழம்பும் இருக்கும். இப்படி அடுப்பு வைத்திருந்த பெண்கள் கரையில் நிறையப் பேர். ஆனால் சாலம்மாளின் மசாலாவுக்கு ஈடு கிடையாது. காரணம் கேட்டால், "எல்லாம் எங்குழவிதாங்க" என்பாள். தாய்வீட்டுச் சீராக வந்த அம்மி, குழவி. மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்து அரைத்து அந்தக் குழவியின் இரண்டு முனைகளும் அவள் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருந்தன. வேறு யார் பிடித்தாலும் நழுவும்.

அவள் பிறந்தது இண்டூர் பக்கம், வானத்தைப் பார்த்து விதைக்கிற காட்டில். பரிசல் ஓட்டுகிற சென்றாயனுக்கு வாக்கப்பட்டு வந்த அன்று முதன்முதலாக அருவியைப் பார்த்தாள். பார்த்ததும் புதுப்பெண் என்பதையும் மறந்து "ஐயோ!" என்று கத்திவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் காத்துக் கருப்பு ஏதாவது இருக்குமோ என்று பயந்தே போனார்கள். அவளோ புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இத்தினி தண்ணியும் யாருக்குங்க?" என்று கேட்டாள். சென்றாயன் பேச்சுக்குப் பஞ்சம் உள்ளவன். "நமக்குத்தான்" என்றான்.

அந்த "நமக்குத்தான்" கொஞ்ச வருஷத்துக்கு உண்மையாகத்தான் இருந்தது. பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். அருவியைத் திரையில் பார்த்த ஜனங்கள் வந்தார்கள். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாறை தெரியாது, தலைதான் தெரியும். சாலம்மாளுக்கு அதில் கொண்டாட்டம்தான். கூட்டம் என்றால் அவளுக்கு உயிர். ஒவ்வொரு முகத்திலும் அருவியைப் பார்த்த முதல் நிமிஷம் ஒரு மாதிரி வெளிச்சம் அடிக்குமே, அதைப் பார்க்க அவளுக்கு அலுத்ததே இல்லை. அவர்கள் வந்தால்தான் அவள் வீட்டிலும் உலை கொதிக்கும்.

ஆனால் அந்த ஜனம் என்ன செய்தது? நல்லெண்ணெயும் சீயக்காயும் சோப்பு நுரையும் தண்ணீரில் கலந்தது. பாவம் போகட்டும் என்று கட்டிய துணியை ஆற்றோடு விட்டது. பாவம் போனதோ என்னவோ, துணி எங்கும் போகவில்லை, பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு நாறியது. மீன் குடல், எச்சில் இலை, குழந்தைகளின் அசிங்கம், எல்லாம் அங்கேதான். சாலம்மாள் வீடு இருந்த குடியிருப்பில் ஒரு கைப்பம்பு இருந்தது. கோடையில் அது காற்றைத்தான் இறைத்தது. ஆக, கண்ணுக்கு எட்டிய தூரம் காவேரி, குடிக்க ஒரு குடம் கிடையாது.

எண்பத்துநாலாம் வருஷத்துக் கோடையில் குடியிருப்பில் வாந்தி பேதி வந்தது. சாலம்மாளின் பக்கத்து வீடு கவுஸ் பாஷாவுடையது. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாலிஷ்காரர்களுக்கு நல்லெண்ணெய் விற்கிற கடை அவனுக்கு. அவன் மனைவி குல்ஷன், சாலம்மாளுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. குல்ஷனின் சின்ன மகள் அஸ்கரி, துணி மாதிரித் துவண்டு போனாள். சென்றாயனும் பாஷாவும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றி, போன உயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சாலம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். குல்ஷனுக்கே கண்ணீர் வற்றிவிட்டது, இவளுக்கு வற்றவில்லை.

ஊர் திரும்பியதும் கடப்பாரையை எடுத்தாள். காவேரியில் வந்து சேருகிற சின்னாறு கோடையில் வெறும் மணல்தான். கூட்டம் எட்டாத ஒரு வளைவு தாண்டி, நாணல் பச்சையாக நிற்கிற இடத்தில் அவளும் குல்ஷனும் தோண்டினார்கள். இடுப்பளவு இறங்கியதும் மணல் கசிந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள். தண்ணீர்! இளநீர் தோற்றது போங்கள். "அக்கா, இனிக்குதுக்கா!" என்று குல்ஷன் கத்த, "குடிடி, குடிடி!" என்று சாலம்மாள் கூத்தாட, இரண்டு பேரும் சேறும் மணலுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து குடியிருப்பு முழுக்க அந்த ஊற்றைத்தான் குடித்தது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் வயிறு போகவில்லை.

நல்ல இடத்தை எவ்வளவு நாள் ஒளித்து வைக்க முடியும்? அடுத்த கோடையில் ஒரு கூட்டம் அந்த வளைவைத் தாண்டியது. வேனைக் கழுவ வாளி கொண்டுவந்தது. குடியிருப்புக்காரர்கள் முள்வேலி போட்டார்கள். அதைப் பிடுங்கி அடுப்பெரித்துக் கோழி வறுத்தது இன்னொரு கூட்டம். "குடிதண்ணி, அசிங்கம் பண்ணாதீங்க" என்று சாலம்மாள் சொன்னால், "ஆறு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பதில் வந்தது. அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாலம்மாள் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். குல்ஷன் மகளுக்குப் பாவாடை தைக்க வாங்கிய சிவப்புத் துணியைக் காட்ட வந்தாள். அப்போது ஒரு பெங்களூர் வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் வாளி, அழுக்குத் துணி மூட்டை, சோப்புப் பெட்டி சகிதமாகச் சின்னாற்றுப் பக்கம் நடந்தார்கள்.

"அக்கா, நம்ம ஊத்துக்குத்தான் போறாங்க!" என்றாள் குல்ஷன்.

சாலம்மாளுக்கு என்ன தோன்றியதோ, அவளுக்கே தெரியாது. மசாலா வழிகிற குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். குல்ஷன் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பிடுங்கினாள். "ஐயோ அக்கா, பாவாடைத் துணி!" என்று அவள் கத்தக் கத்த, நாணல் வழியே குறுக்கில் ஓடினாள். வேன்காரப் பெண்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, குழவியை ஊற்றின் விளிம்பு மணலில் செங்குத்தாக நட்டாள். துணியைச் சுற்றினாள். அரைத்த மஞ்சளும் மிளகாயும் குழவியில் ஏற்கெனவே அப்பியிருந்தன, தனியாகப் பூச வேண்டியிருக்கவில்லை. ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துச் செருகி, கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். மூச்சு வாங்கியதில் உடம்பு நடுங்கியது, அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

"இது யாவ தேவரம்மா?" என்று கன்னடத்தில், இது என்ன சாமி என்று, ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"சின்னாத்தம்மா! காவேரம்மன தங்கி!" என்று சாலம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். காவேரிக்கு ஒரு தங்கச்சி அந்த நிமிஷம்தான் பிறந்தாள். "துடியான சாமி. சப்பலி பிச்சம்மா, சப்பலி!"

செருப்பு கழன்றது. சோப்புப் பெட்டி பைக்குள் போனது. வந்த பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாளியோடு வந்த வழியே திரும்பினார்கள். சாலம்மாளுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது. வேலி செய்யாததை, வாய் செய்யாததை, மீன் மசாலா செய்துவிட்டது! சாயங்காலம் குழவியை எடுத்துக்கொள்ளலாம், இன்று ஒரு பொழுதுக்குப் பக்கத்து வீட்டு அம்மியில் அரைத்துக்கொள்ளலாம் என்று அவள் கணக்கு.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் குழவிக்கு முன்னால் எலுமிச்சம்பழம், கற்பூரக் கரி, யாரோ கழற்றி வைத்த கண்ணாடி வளையல். சாமி கும்பிட்ட கல்லை எப்படித் தொடுவது? அவள் கை நீண்டது, பின்வாங்கியது. "இருக்கட்டும், ஊத்துக்குக் காவல்" என்று வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காவலின் லட்சணம் தெரிந்தது. சாமி இருக்கிற இடத்தில் நம் ஜனம் எச்சில் துப்பாது, அது சரி. ஆனால் சாமி பக்கத்தில் தண்ணீர் இருந்தால் அது தண்ணீர் இல்லை, தீர்த்தம். இதை அவள் யோசிக்கவில்லை. தீர்த்தமலைக்கு வருஷம் தவறாமல் போய், தலையில் தண்ணீர் வாங்கி, பாட்டிலில் பிடித்து வந்து வீட்டில் வைத்திருக்கிறவளுக்கே அது தோன்றவில்லை பாருங்கள்! அருவிக்குப் போன கூட்டத்தில் பாதி ஊற்றுக்கு வந்தது. தலையில் ஊற்றிக்கொண்டது, கேனில் பிடித்தது, குழந்தையை உள்ளே இறக்கி முக்கி எடுத்தது. மத்தியானத்துக்குள் ஊற்று கலங்கி, டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. குடியிருப்புப் பெண்கள் காலிக் குடத்தோடு சாலம்மாளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவள் ஆற்றில் குதித்திருக்கலாம்.

பஸ் நிற்குமிடத்தில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த பச்சியப்பன், நெற்றி நிறைய விபூதியோடு பூசாரியாகி உட்கார்ந்துவிட்டான். அவனும் குடியிருப்புக்காரன்தான், கெட்டவன் இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் பிழைப்பு வந்தால் எவன் எழுந்திருப்பான்? யாரோ ஒரு சேலத்து லாரி முதலாளி சிமெண்டு தருவதாகச் சொல்லிவிட்டாராம். ஊற்றில் உறை இறக்கி, சுற்றிச் சுவர் வைத்து, கேட்டுப் போட்டுப் பூட்டிவிடலாம், வருகிற வெள்ளிக்கிழமை பம்பை அடித்துப் பூஜை போட்டு வேலையைத் தொடங்கலாம் என்றான். குடியிருப்புக்குத் தண்ணீர்? "அதுக்கென்ன, தீர்த்தம் எல்லாருக்கும் உண்டு" என்று உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான்.

சாலம்மாள் அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்தாள். "அண்ணா, அது சாமி இல்லீங்கண்ணா! அது எங்குழவி! மீனு மசாலா அரைக்கிற குழவி! நாந்தான் கொண்டாந்து நட்டன்!"

பச்சியப்பன் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். "கேட்டுக்கிட்டீங்களா ஜனங்களே! ஏழை வூட்டு அம்மியில இருந்து ஆத்தா எழுந்து வந்திருக்கா! தங்கச்சி, உம் பாக்கியம் யாருக்கு வரும்?" வயதான ஒரு அம்மாள் சாலம்மாளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாலம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள்.

இப்போது என்ன செய்வது? இரவும் பகலும் அதே பேச்சு. கடைசியில் வழி சொன்னவள் குல்ஷன்தான். "அக்கா, மனுசி சொன்னா கேக்கமாட்டாங்க. சாமி சொன்னாக் கேப்பாங்கல்ல? உங்கள்ல மேல வந்து பேசுமே, அது மாதிரி..."

சாலம்மாளுக்கு ஒருநாளும் சாமி வந்ததில்லை. வராத சாமியை வந்த மாதிரி ஆடுவதா? சென்றாயன் அதிசயமாக வாயைத் திறந்தான். "விளையாடாத புள்ள. கண்ணு போயிரும்."

"போனாப் போவுது மாமா. அந்தப் புள்ள அன்னிக்குத் தொவண்டு கெடந்ததைப் பாத்த கண்ணுதானே இது?" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, விடியும் வரை கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. பம்பைச் சத்தம் சின்னாற்றின் இரு கரையிலும் மோதித் திரும்பியது. மணல் தெரியாமல் ஜனம். சிமெண்டு மூட்டைகளுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். சாலம்மாள் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் குல்ஷனோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தாள். அவற்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டே முன்னால் போனாள். கொண்டையை அவிழ்த்தாள். "ஆத்தா, என்ன மன்னிச்சிக்க" என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டாள்.

"அக்காகிட்டப் போவணும்! எங்கக்கா காவேரியப் பாக்கணும்! அவ கரையில கொண்டுபோயி என்ன வைங்கடா!"

பம்பை இன்னும் வேகம் பிடித்தது. பச்சியப்பன் வியர்த்துப்போய்க் கற்பூரத்தோடு ஓடிவந்தான். "ஆத்தா, இந்த ஊத்து?"

"இது நான் எம் புள்ளைங்களுக்குக் குடுத்த தண்ணி! குடம் எடுத்து வர்றவ வரட்டும், வேற எவன் காலும் இங்க படக்கூடாது!"

மனப்பாடம் செய்தது அவ்வளவுதான். அதோடு மயங்கி விழுவதாக ஏற்பாடு. ஆனால் விழ முடியவில்லை. தலை சுற்றியது, மணல் சுற்றியது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. குல்ஷன்தான் பிறகு சொன்னாள். சோப்பு நுரையைச் சொல்லி, துணியைச் சொல்லி, "என் அக்கா மேல எத்தினி அழுக்கக் கொட்டினீங்க" என்று சாலம்மாள் அழுதாளாம். சேலத்து லாரி முதலாளியே கையைக் கட்டிக்கொண்டு அழுதாராம். "அதெல்லாம் நாம பேசி வெக்கலியேக்கா" என்று சொல்லும்போது குல்ஷனின் குரல் இறங்கியிருந்தது. சாலம்மாள் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கே பம்பையும் மேளமுமாகக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய், காவேரிக் கரையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் படித்துறையில் வைத்தார்கள். பச்சியப்பனுக்கு வாயெல்லாம் பல். மணலில் நடக்கச் சோம்பல்பட்ட ஜனமும் இப்போது இறங்கியவுடன் சாமி பார்க்குமே! சிமெண்டு மூட்டைகளும் பின்னாலேயே போயின. ஊற்று தெளிந்தது. குடியிருப்புப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அந்த மணலில் வேறு யாரும் கால் வைக்கவில்லை.

சாலம்மாள் கடத்தூர்ச் சந்தையில் ஒரு புதுக் குழவி வாங்கினாள். அது அவள் கைக்கு அடங்கவில்லை. மசாலா திப்பிதிப்பியாக வந்தது. வந்தவர்கள் அதையும் சப்புக்கொட்டித்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியுமே. ஒருநாள் மனம் கேட்காமல் படித்துறைக்குப் போனாள். நல்ல கூட்டம். நேராக உள்ளே போகப் பார்த்தவளை ஒரு அம்மாள் தடுத்து, "வரிசையில வாங்கம்மா, எல்லாரும் நிக்கிறோம்ல?" என்றாள். தன் குழவியைப் பார்க்கத் தானே வரிசையில் நிற்கும்படி ஆயிற்றே என்று சாலம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நின்றாள்.

கிட்டே போனதும் சிரிப்பு போய்விட்டது. வெள்ளிக் கண்மலரும் பட்டுப் பாவாடையுமாக இருந்தது குழவி. அவள் உள்ளங்கை தேய்த்த முனை மட்டும் பட்டுக்கு மேலே தெரிந்தது. தொட வேண்டும்போல் கை துடித்தது. பக்கத்தில் ஒரு சிறுமி, அஸ்கரி வயதுதான் இருக்கும், தீர்த்தத்துக்காகக் கையைக் குழித்து நீட்டினாள். பச்சியப்பன் படித்துறையில் மொண்டு வைத்திருந்த செம்பிலிருந்து ஊற்றினான். தண்ணீரில் எண்ணெய் வட்டம் வட்டமாக மின்னியது.

"குடிக்காத!" என்று கத்திக்கொண்டே சாலம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வரிசை அப்படியே நின்றது. ஆத்தா மறுபடியும் வந்துவிட்டாள் என்று எங்கோ ஒரு பெண் குலவை போட்டாள். சாலம்மாள் யாரையும் பார்க்கவில்லை, பச்சியப்பனைத்தான் பார்த்தாள். ஊற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று குதித்தோமே, இந்த அழுக்கை வருகிறவர்கள் வாயில் அல்லவா ஊற்றிக்கொண்டிருக்கிறோம்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏண்ணா, இதையா குடுக்கிற? நீ குடிப்பியா இத? உம் புள்ளைக்குக் குடுப்பியா?"

பச்சியப்பன் செம்பைக் கீழே வைத்தான். "வேற தண்ணிக்கு நான் எங்க போறது தங்கச்சி?" என்று முனகினான்.

"நான் கொண்டாறன். நாளையில இருந்து தீர்த்தம் எங்குடத்துல வரும். அது வர்ற வரைக்கும் ஒரு சொட்டுக்கூட யார் கையிலயும் ஊத்தாத."

அதிலிருந்து சாலம்மாள் விடியற்காலையில் ஊற்றில் மொள்ளுகிற முதல் குடம் வீட்டுக்குப் போவதில்லை. சென்றாயன் ஒருநாள், "ஊத்து நமக்குத்தானே?" என்று கேட்டுப் பார்த்தான். "வர்றவங்க புள்ளைங்களுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்று அவள் நடந்துகொண்டே இருந்தாள். முதல் பஸ் வருவதற்கு முன்னால் படித்துறையில் யாரும் இருக்க மாட்டார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பட்டுப் பாவாடையைக் கொஞ்சம் விலக்கி, தேய்ந்த முனையில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்துப் பார்ப்பாள். அச்சாகப் பொருந்தும். வளைவில் ஹாரன் கேட்டதும் கும்பிட்டுவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடுவாள்.